ஒட்டோவியமும் ஊரிழந்தோரும்

‘ஒட்டு’ என்னும் சிறு சொல்லைத் தமிழர் பல பொருளில் ஆண்டு வருகின்றனர். ஒட்டு மாங்கனி உண்டு. பெரிய திண்ணையை அடுத்து ஒட்டுத் திண்ணை உண்டு. வறியவன் உடுக்கும் ஒட்டுப் போட்ட வேட்டியும் உண்டு. உறவைச் சொல்ல வந்தாலும் ‘ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்றே சொல்கிறோம். இச்சொற்கள் அனைத்திலும் பொதுவாய் நிற்பது ஒன்று. ஒட்டப்பட்டது முன்னர் வேறோர் இடத்தில் இருந்தது. அங்கிருந்து பிரிந்து வந்தது. பிரிவு இல்லாமல் ஒட்டு இல்லை. இந்தக் கருத்தை மனத்திற்கொண்டே, கல்கத்தாக் கலைஞர்கள் ‘கொலாஜ்’ என வழங்கும் ஒட்டோவியத்தைப் பற்றியும், ஊரிழந்த மாந்தர்க்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றியும் இவண் சில எழுத முற்படுகிறோம்.

பிரெஞ்சு மொழியில் ஒட்டுதலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது கொலாஜ் என்னும் பெயர். 1912-ஆம் ஆண்டில் பிகாசோ நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக் என்பார் மரத்தின் வரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். மேலைநாட்டுக் கலை வரலாறு இக்கலையின் தொடக்கத்தை இங்கிருந்தே கணக்கிடுகிறது. அக்கணக்கு மேலைநாட்டுக்குப் பொருந்தலாம். நமக்குப் பொருந்துமா என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் நாம் பணியாற்றும் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சால்ட் லேக் இன்று மரநிழல் படிந்த சாலைகளும் மைய அரசின் அலுவலகங்களும் நிறைந்த நகர். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே நகர் இல்லை; நிலமும் இல்லை. வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடலின் உவர்நீர் ஏறி இறங்கிய சதுப்புப் பரப்பு இது. அவ்வாறு 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூர்ந்துபோக, நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சி மீன் வளர்க்கும் ஏரிகளாக இப்பரப்பு மாறிற்று. முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய், நாட்டுப் பிரிவினைக்குப் பின் மக்கள் பெருக்கத்தால் திணறிய கல்கத்தாவுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று எண்ணி, இதனைத் தூர்த்து நகராக்கும் பணியை 1962-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு சூலை முதல் நாள், தம் பிறந்த நாளன்றே, அவர் மறைந்தார். யூகோஸ்லாவிய நாட்டு நிறுவனம் ஒன்று ஹூக்ளி ஆற்றின் வண்டலைத் தோண்டி நீரோடு கலந்து, நீண்ட குழாய்கள் வழியே கொண்டுவந்து இங்கே கொட்டியது. நகரின் அமைப்பை வரைந்தவர் அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். மீன் வளர்த்துப் பிழைத்தோர் கிழக்கே ஒதுங்கினர். எஞ்சிய நீர்நிலைகள் 2002-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டன. தூர்த்த பின்னர்தான் தூர்க்கப்படாததன் அருமை தெரிந்தது போலும்!

ஆக, நாம் நடக்கும் மண் இவ்விடத்து மண் அன்று. மேற்கே ஓடும் ஆறு சுமந்து வந்த மண், கிழக்கே ஒட்டப்பட்டிருக்கிறது. தொல்காப்பியர் திணை மயங்குதலை விலக்காதவர். ஆயினும் நிலம் மயங்குவதை அவர் ஏற்கவில்லை. ஒருதிணைக்குரிய ஒழுக்கம் மற்றொரு நிலத்தில் நிகழலாம், ஓரிடத்தில் இரு நிலங்கள் ஒருங்கே இருத்தல் இல்லை என்பது அவர் கொண்ட முறை. நெய்தலும் மருதமும் குழாய்வழிக் கலந்து ஒரு நகராகும் காலம் வரும் என்று அவர் கருதியிருக்க வழியில்லை. இந்நகரின் பகுதிகளுக்கு ஊர்ப்பெயர்கூட இடப்படவில்லை. ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தே அழைக்கின்றனர். மனைகளும் 999 ஆண்டுக் குத்தகைக்கே தரப்பட்டன. ஆயிரத்துக்கு ஒன்று குறைத்த கணக்கின் உட்பொருளை எந்தக் கோப்பில் தேடுவது என்று நாம் பலமுறை வியந்ததுண்டு.

வீடுகள் எழுந்து நிறையும் முன்னரே இம்மண்ணில் மக்கள் வந்து நிறைந்தனர். 1971-ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களுள் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மேற்கு வங்கத்தில் தங்கினர். சால்ட் லேக்கின் வெற்று மணற்பரப்பில் எழுந்த முகாம் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இலட்சக்கணக்கானோர் அதில் தங்கினர். கூடாரம் கிடைக்காதவர்கள், வடிகாலுக்கென அடுக்கி வைத்திருந்த பெரிய சிமிட்டிக் குழாய்களுக்குள் குடியேறினர். குழாயின் ஒரு வாயில் கிழிந்த சேலை திரையாய்த் தொங்க, மறு வாயில் அடுப்புப் புகைய, நடுவே ஒரு குடும்பம் வாழும் காட்சியை அந்நாளைய ஒளிப்படங்களில் இன்றும் காணலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க மேலவை உறுப்பினர் எட்வர்டு கென்னடி இங்கு வந்து கண்டு சென்றார். மழையும் வாந்திபேதியும் எத்தனை குழந்தைகளைக் கொண்டுபோயின என்பதை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறு திசையில் சென்றுவிடும்.

வங்காளதேசம் பிறந்த பின் 1972-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மக்கள் திரும்பிச் சென்றனர். அவ்வாண்டு திசம்பரில் இதே பரப்பில் காங்கிரசுப் பேரவையின் மாநாடு பெருஞ்சிறப்புடன் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி தங்கிய இல்லம் பின்னர் இந்திரா பவன் எனப் பெயர் பெற்றது. ஓராண்டுக்குள் ஒரே தாளில் மூன்று படங்கள்! முன்னதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடுத்ததை ஒட்டிச் செல்வது வரலாற்றின் வழக்கம். அடியில் உள்ளதை அறிய விரும்புவோர் விளிம்பைச் சற்றுத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

வங்கக் கலைஞர் பலர் அவ்வாறு பார்த்தவர்கள். சிட்டகாங்கில் 1921-இல் பிறந்து, 1943-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின் பிணக்குவியலை இளமையில் வரைந்த சோம்நாத் ஹோர், எழுபதுகளில் ‘காயங்கள்’ என்னும் வரிசையைப் படைத்தார். வண்ணமோ உருவமோ அதில் இல்லை. வெண்ணிறத் தாட்கூழில் கீறலும் குழியும் மட்டுமே உண்டு; தாளே உடம்பாகிப் புண்பட்டுக் கிடக்கிறது. சாந்திநிகேதனத்து வினோத் பிகாரி முகர்ஜி 1957-இல் கண்ணொளியை முற்றும் இழந்த பின், வண்ணத்தாள்களைக் கையால் தடவி வெட்டி ஒட்டோவியம் செய்தார். பஞ்சாபிலிருந்து வந்து கல்கத்தாவைத் தம் ஊராக்கிக் கொண்ட பனேசர் என்பாரும் ஒட்டோவியத்தில் தேர்ந்தவர். தால்தலாச் சந்தையில் காய்கறி விற்ற ஓர் ஏழைத்தாயின் மகளாகிய ஷகீலாவைக் கண்டெடுத்து ஊக்கியவர் அவரே. பள்ளியில் ஓவியம் பயிலாத அப்பெண்மணி, பழைய செய்தித்தாளையும் அட்டையையும் கிழித்து ஒட்டிய படங்கள் நாடெங்கும் மதிக்கப்படுகின்றன.

இவர்கள் அனைவரும் பிகாசோவிடமிருந்து பெற்றது எவ்வளவு என்பதை ஆய்வாளர் கூறட்டும். நம் கருத்து வேறு. வங்கத்துப் பெண்டிர் பல தலைமுறைகளாகச் செய்துவரும் ‘காந்தா’ என்னும் மெத்தைத் துணியைப் பார்த்தவர்கள், ஒட்டுக்கலையின் பிறப்பை 1912-இல் வைக்கத் தயங்குவர். நைந்துபோன சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, அச்சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, ஓட்டுத்தையலால் அடுக்குகளை ஒன்றாக்குவர். புதிதாக வாங்குவது ஊசி ஒன்றுதான். பாட்டியின் சேலையும் தாயின் சேலையும் பேரனுக்குப் போர்வையாகும். நாம் சொல்லும் ‘கந்தை’ என்பதற்கும் வங்காளியர் சொல்லும் காந்தா என்பதற்கும் மூலச்சொல் ஒன்றே. நம் நாட்டில் அச்சொல் இழிவைக் குறித்து நின்றுவிட, இங்கே அது கலையைக் குறித்து நிமிர்ந்தது. இத்துணிகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர் சில்ஹெட் மாவட்டத்தில் பிறந்த ஐ.சி.எஸ். அலுவலர் குருசதய் தத். அவர் 1941-இல் மறைந்தார். ஆறாண்டுகள் சென்றதும் அவர் பிறந்த மாவட்டத்தின் பெரும்பகுதி வேறொரு நாடாயிற்று. கல்கத்தாவின் தென்மேற்கே ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் காந்தாக்களைக் காண்போர்க்கு இது நினைவுக்கு வருமோ வராதோ, நமக்கு வந்தது. எல்லையைக் கடந்து ஓடிவந்தவர்கள் மூட்டையாகக் கட்டிச் சுமந்தவற்றுள் காந்தா முதன்மையானது. வீட்டைச் சுருட்டிக் கொண்டுவர முடியாது, போர்வையைச் சுருட்டலாம்.

ஒட்டோவியமும் ஊரிழப்பும் ஒரே மனிதரின் வாழ்வில் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடந்ததைக் காண வேண்டுமானால், செருமானியக் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்சின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1887-இல் ஹனோவர் நகரில் பிறந்த அவர், முதல் உலகப்போருக்குப் பின் தெருக்குப்பையில் கிடந்த பயணச்சீட்டு, உறை, கம்பி, மரத்துண்டு முதலியவற்றைக் கொண்டு படங்கள் செய்தார். வணிக வங்கி ஒன்றின் விளம்பரத்தைக் கிழித்து ஒட்டியபோது அதில் எஞ்சிய ‘மெர்ஸ்’ என்னும் பொருளற்ற அசையையே தம் கலைக்குப் பெயராக்கினார். தாம் வாழ்ந்த வீட்டின் அறைகளையே ஒட்டோவியமாக்கி, மரத்தாலும் சாந்தாலும் பல்லாண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தார். நாசிகள் அவரது கலையை இழிந்த கலை என இகழ, 1937-இல் நார்வேக்கு ஓடினார். அங்கும் ஓர் அறையைக் கட்டத் தொடங்கினார். 1940-இல் செருமானியப் படை அங்கும் வரவே, பிரித்தானியாவுக்குத் தப்பினார். பகைநாட்டவர் என்று கருதி, மான் தீவின் முகாமில் ஓராண்டுக்கு மேல் அடைத்து வைத்தனர். அங்கே வேறு பொருள் கிடைக்காமல், காலையில் தந்த ஓட்சுக் கஞ்சியைக் கொண்டு சிற்பம் செய்தாராம். அவை பூஞ்சணம் பூத்து நாறியதாக உடனிருந்தோர் கூறுவர். ஹனோவர் வீடு 1943-இல் குண்டுவீச்சில் அழிந்தது. நார்வேயில் கட்டியது, அவர் இறந்த பின் 1951-இல் தீயில் வெந்தது. முதிர்ந்த நோயாளியாக இங்கிலாந்தின் ஏரி நாட்டில், ஒரு கொட்டகைச் சுவரில், மூன்றாம் முறையாகத் தொடங்கினார். அது முடியவில்லை.

1948 சனவரி 8-ஆம் நாள் அவர் இறந்தார். பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்ட செய்தியைத் தாங்கிய கடிதம் அதற்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தது. கோப்புகளோடு நாளைக் கழிக்கும் நம்மனோர் இச்செய்தியைக் கடந்து செல்லல் எளிதன்று. தெருவில் கிடந்த தாள்கள் அனைத்தையும் தம் கலைக்கு உரிமையாக்கிய ஒருவருக்கு, உரிமை தரும் ஒரு தாள் ஏழாண்டுகள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குள் எத்தனை மேசைகள், எத்தனை குறிப்புகள், எத்தனை ‘ஆவன செய்க’!

இனி ‘வீடு’ என்பதன் பொருளுக்கு வருவோம். வங்கமொழியில் ‘பாசா’ என்றும் ‘பாடி’ என்றும் இரு சொற்கள் உண்டு. பாசா என்பது பிழைப்புக்காகத் தங்கும் இடம். பாடி என்பது முன்னோர் வாழ்ந்த மனை. நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்த முதியவரும், நெருங்கிப் பழகினால், தம் பாடி பரிசாலில் என்றோ விக்ரம்பூரில் என்றோ சொல்வார். அங்கே அவருக்கு ஓர் ஓடுகூட மிஞ்சியிராது. தமிழில் இல், மனை, அகம், உறையுள் எனச் சொற்கள் பல இருந்தும் நாம் பெரிதும் வழங்குவது வீடு என்பதையே. அதுவோ ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது; விடுபடுதலையும் விண்ணுலகையும் குறிக்கும். புகுந்து வாழும் இடத்துக்கு விட்டு நீங்குதலின் பெயரை வைத்த முன்னோர் என்ன கருதினரோ! அலிகாரில் 1937-இல் பிறந்து, நாட்டுப் பிரிவினையால் குடும்பம் சிதறி, பல நாடுகளில் வாழ்ந்து 2020-இல் மறைந்த சரீனா என்னும் கலைஞர், 1999-இல் வீட்டைப் பற்றிய முப்பத்தாறு மரச்செதுக்குப் படங்களை வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் உருதுச் சொல். வீடு போயினும் சொல் எஞ்சும் என்பதை அத்தொகுதி காட்டுகிறது.

நம் தமிழ்கூறு நல்லுலகில் இப்பொருளை மிக ஆழமாகத் தொட்டவர் யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன் என்பது நம் துணிபு. 1969-இல் பிறந்த அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 1981-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004-இல், ‘அகம் புறம்’ என்னும் கலைக்காட்சி நடைபெற்றது. அதில் அவர் ஓவியத்தை மாட்டவில்லை. போரினூடே வீட்டார் காத்து வைத்திருந்த சிறு பொருள்களை வேண்டிப் பெற்று, அவற்றையே அடுக்கி வைத்தார். நூல்கள் எரிந்த இடத்தில் அப்பொருள்கள் நூல்களாயின. பின்னர்க் கனடாவின் வான்கூவர் நகரத்து மானிடவியல் அருங்காட்சியகத்திலும், அங்கு வாழும் ஈழத்தமிழர் தந்த பொருள்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டுக் காட்சியாக்கினார். தீட்டப்படாத ஒட்டோவியம் என்று இவற்றைக் கூறலாம். ஒட்டுவதற்குப் பசைகூட இல்லை.

இவற்றினும் நம்மைக் கவர்ந்தது, 2011-இல் வெளியான ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் பொருள்படும் பெயருடைய அவரது நூல். தோம்பு என்பது போர்த்துக்கீசியர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு பரப்பு, யாருக்கு என்ன வரி, குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் எழுதிவைத்து, ஆள்வோர் குடிகளை அளந்த கணக்கு அது. சனாதனன் அப்பெயரை எடுத்துக்கொண்டு அதனைத் தலைகீழாக்கினார். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், 1995 அக்டோபர் 30-இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த இலட்சக்கணக்கான தமிழர்கள், அதற்கு முன்னும் பின்னும் பெயர்ந்தவர்கள் என ஊரிழந்தோரை அணுகி, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். வரையத் தெரியாத கைகள் வரைந்தன. அப்படத்தைக் கட்டடக் கலைஞரின் அளவுகோலுக்கு உட்படுத்திய மற்றொரு படம் அதனோடு வரும். சனாதனன் வண்ணக்குச்சியால் தீட்டிய படம் ஒன்றும் உடன் வரும். வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன சில சொற்களும் இருக்கும்.

ஒரு வீட்டுக்கு மூன்று படங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நினைவு வரைந்ததில் கோடு வளையும். அளவுகோல் வரைந்ததில் கோடு நேராகும், ஆயின் நேரானதால் வீடு எங்கோ போய்விடும். மூன்றாவதில் வீடு கனவாகி நிற்கும். வெட்டி ஒட்டும் ஒட்டோவியத்தின் உயிர்நிலை இந்தப் பொருந்தாமையே என்று நாம் கருதுகிறோம். இரு துண்டுகள் சேரும் இடத்தில் விளிம்பு தெரிய வேண்டும். அவ்விளிம்பை மறைத்து அழகுபடுத்துவோர் உளர். கண்காட்சிக் கூடங்களில் பழைய அஞ்சல்தலை நான்கு, துருப்பிடித்த திறவுகோல் ஒன்று, கிழித்த நிலப்படம் ஒன்று ஆகியவற்றை நயமாக ஒட்டி ‘புலம்பெயர்வு’ எனப் பெயரிட்ட படங்களைப் பார்க்கிறோம். திறவுகோல் எந்தப் பூட்டினுடையது என்று கேட்டால் பழம்பொருட்கடையில் வாங்கியது என்பர். அத்தகையவை வரவேற்பறைக்கு ஏற்றவை. சனாதனனின் தோம்பில் உள்ள வீடுகளுக்கு உரியவர் உண்டு. அவ்வளவுதான் வேறுபாடு, அது சிறிதன்று.

அரசுப் பதிவேடுகளை எழுதியும் சரிபார்த்தும் உண்பவர்கள் நாம் ஆதலின், மற்றொன்றும் சொல்ல விரும்புகிறோம். 1971-இல் இங்கு வந்தவர்களுக்கும் பதிவு அட்டை இருந்தது. முகாமின் பெயர், குடும்பத்தில் எத்தனை தலை, எத்தனை பங்கு அரிசி என்பவை அதில் இருந்தன. அது வேண்டியதே, அஃதின்றேல் அரிசி சென்று சேராது. விட்டுவந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கும் கட்டம் மட்டும் எந்த அரசின் படிவத்திலும் இருந்ததில்லை. அக்கட்டத்தைக் கலைஞர் ஒருவர் நாற்பதாண்டு கழித்து, வேறு நாட்டில், தமிழில் பேசும் மக்களுக்காக வரைய வேண்டியதாயிற்று. சால்ட் லேக் முகாமில் குழாய்க்குள் வாழ்ந்த குடும்பங்களிடம் அன்று எவரேனும் ஒரு பென்சிலைத் தந்திருந்தால் என்ன வரைந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம். குளமும் தென்னையும் மாட்டுத்தொழுவமும் துளசிமாடமும் வரைந்திருப்பர். குழாயை வரைந்திருக்க மாட்டார்கள்.

கல்கத்தாத் தமிழர்களாகிய நாம் மேடைகளில் நம்மையும் ‘புலம்பெயர்ந்தோர்’ என்று சொல்லிக் கொள்வது வழக்கமாகிவிட்டது. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் சேனையும் வாங்கிக்கொண்டு, மார்கழியில் திருப்பாவை கேட்டுக்கொண்டு, ஊரை நினைத்து உருகுவது இயல்பே, அதனைக் குறைகூறோம். மாற்றல் ஆணை வந்து கிளம்பியவனுக்கும் ஊர்திரும்பும் நாள் தள்ளித் தள்ளிப் போகலாம். ஆயினும் அவன் ஆணையின் அடியில் பயணப்படி உண்டு. நம் ஊர் வீட்டின் தரைப்படத்தை நாமும் இக்கட்டுரைக்காக ஒரு தாளில் வரைந்து பார்த்தோம். கூடமும் அடுக்களையும் எளிதில் வந்தன. கொல்லைக் கிணற்றுக்கும் பின்கதவுக்கும் இடையே எத்தனை அடி என்பதில் வீட்டிலுள்ளோருக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஊரில் இருக்கும் தமையனாரைத் தொலைபேசியில் கேட்டோம். அவர் எழுந்து சென்று, காலடியால் அளந்து, பதினொன்று என்றார். ஹவுராவில் சென்னை மெயில் ஏறினால், அடுத்தடுத்த நாளில் நாமே அளந்துகொள்ளலாம். தோம்பில் படம் வரைந்தவர்களுள் பலர்க்கு, அளந்து சொல்ல அங்கு ஆளும் இல்லை, அளக்கக் கிணறும் இல்லை.